அக்காவுக்கு வெட்கமில்லாத சொல்

கலாநிதி ஜெயமணி அக்கா காலமான செய்தி எனக்குக் கைபேசியில் ஒரு படமாகத்தான் வந்தது. நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் விட்டு, தலவாக்கலை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். பட்டமளிப்பு உடையில் அக்காவின் முகம். கீழே சிவப்பு எழுத்தில் ‘வைட்டமினால் வைரஸை வென்ற மலையகத்தின் மகள்’. கண் கலங்கிவிட்டது. கூடவே பெருமையாகவும் இருந்தது. அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் உடனே அதை அனுப்பிவைத்தேன். பஸ் அடுத்த வளைவில் திரும்பும்போதுதான் அந்த வரி எனக்கு உறைத்தது. அக்கா வாழ்நாளெல்லாம் மறுத்துவந்த பொய் அது.

அவர் எந்த வைரஸையும் வெல்லவில்லை. வைரஸ் காய்ச்சலில் படுத்தவர்களுக்கு வைட்டமின் கொடுத்தால் நோயின் கடுமை குறையுமா என்பதை முறையாகச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பல்கலைக்கழகத்தில் அவருக்கு இளையவனாக இருந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். ஆராய்ச்சியில் கூட வேலை செய்தவர்களே ‘வைட்டமின் அம்மா’ என்று கிண்டல் செய்தார்கள். “மலிவான மாத்திரைக்கு வக்காலத்து வாங்க யாரும் இல்ல, அதான் நான் பேசுறேன்” என்பார் அக்கா. ஆனால் பலன் உண்டென்று ஒருநாளும் அடித்துச் சொன்னதில்லை. ஆதாரம் இல்லாமல் ஒன்றைச் சொல்லிவிட்டால், பிறகு உண்மையைச் சொன்னாலும் எவரும் நம்பமாட்டார்கள் என்பது அவருடைய பயம்.

கொரோனா சற்றுத் தணிந்திருந்த நேரம், அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே அவரைப் பேச அழைத்தோம். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த களைப்போடு பெண்கள் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, “அப்ப இந்த மாத்திரைய போட்டா கொரோனா வராதுங்களா?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க” என்றார் அக்கா. “தெரிஞ்சிக்கணும்னுதான் இவ்வளவு பாடுபடுறேன். அதுவரைக்கும் ஊசிய போட்டுக்கங்க. காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

மண்டபமே சப்பென்று ஆகிவிட்டது. நம்முடைய லயத்து வரிசை வீட்டிலிருந்து போய் இவ்வளவு படித்தவர் தெரியாது என்கிறாரே என்று எல்லோருக்கும் ஒரு மாதிரியாக இருந்தது. எனக்கும்தான். தேநீர் குடிக்கும்போது என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

“தெரியாதுன்னு சொல்ல எனக்கு வெட்கமில்ல தம்பி. கேட்டுக்கிட்டிருந்த உங்களுக்குத்தான் கூச்சமா இருக்கு.”

சாவு வீட்டுக்குப் போனபோது அதே வரி பேனராக லயத்து வாசலில் தொங்கியது. அதற்கு நேர் கீழே அக்காவின் பெட்டி. அன்று தோட்டத்தில் யாரும் வேலைக்குப் போகவில்லை. வாசல் நிறைய ஆட்கள். தப்பு மேளம் ஓய்ந்ததும் என்னைப் பேசச் சொன்னார்கள். அக்கா என்ன கேட்டார், என்ன சொல்லவில்லை என்பதைத் தலை நிமிராமல் சொல்லி முடித்தேன். சாவிலும் அந்தப் பொய்யை அவர் தனியாக மறுக்க விடக்கூடாது என்று தோன்றியது.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவருடைய தம்பி செல்வராஜ்தான் பேனர் அடித்தவர். என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

“அப்ப எங்க அக்கா ஒண்ணுமே கண்டுபிடிக்கலீங்களா சார்?”

“நல்ல கேள்வி ஒண்ண கடைசிவரைக்கும் விடாம கேட்டாங்க. பதில் இன்னும் வரல.”

“அத எப்படிங்க சார் பேனர்ல போடுறது? நம்ம சனத்துக்கும் ஒரு பெருமை வேணுமில்ல.”

அவர் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அக்காவின் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டு, தெரியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்க்கலாம், யோசிக்கலாம் என்று ஏதோ மழுப்பினேன். இதை எழுதும்போதும் கூசுகிறது.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்த ஒரு சொல்லைத்தான். அதைச் சொல்ல இனிமேல்தான் பழக வேண்டும். நான் அனுப்பிய படத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். வைட்டமின் வைரஸை வெல்லுமா என்று யாராவது கேட்டால், தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட ஒருத்தி நம் லயத்தில் பிறந்தாள் என்றும் சொல்லுங்கள்.