மகளுக்குச் சடை பின்னியவர்

சாத்தூர் பஸ்ஸில் தினமும் காலையில் அவரைப் பார்ப்பேன். பட்டாசுக் கம்பெனியில் வேலை; எவ்வளவு தேய்த்தாலும் விரல்களில் அலுமினியப் பொடி மினுங்கும். கம்பெனி விபத்தில் மனைவி இறந்த பிறகு மகளுக்கு அவரேதான் இரட்டைச் சடை பின்னுவார், ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு, பஸ்ஸிலேயே. பின்சீட்டில் சிரிப்பார்கள், அவர் திரும்ப மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை பிள்ளையின் தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது.

“என்னங்க, பேன் தொல்லையா?” என்றேன்.

“இல்ல டீச்சர். எங்கண்ணன் நாலு பேர் முன்னால சேலையை நீட்டி, ‘கட்டிக்கோலே, நீயெல்லாம் ஆம்பளையா’ன்னுட்டாரு. இவ பாத்துக்கிட்டே நின்னா. வீட்டுக்கு வந்ததும், ‘முடிய வெட்டிருங்கப்பா, எனக்குப் பிடிக்கல’ன்னு அவளே சொல்லிட்டா.”

பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. அப்பாவைப் பார்த்து ஊர் சிரிக்கக்கூடாதென்று, அம்மா வளர்த்துவிட்ட முடியை அது கொடுத்துவிட்டது. எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.