பின்பக்கம் அச்சடித்த தாள்

குடிநீர் வாரியத்து மீட்டர் பிரிவின் தலைமை எழுத்தருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஓவியச் சிங்கம். கேலிக்கு வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். யாராவது அப்படிக் கூப்பிட்டால் முதல் தடவை காதில் விழாதது போல இருந்துவிட்டு, இரண்டாம் தடவைதான் திரும்புவார்.

சிங்கம் வரைவது எண்ணெய் வண்ணத்தில், அதுவும் தாளில். துணியில் யார் வேண்டுமானாலும் வரைந்துவிடலாம், தாளில் எண்ணெயை நிற்கவைக்கத்தான் நெஞ்சுரம் வேண்டும் என்பது அவர் கட்சி. நெஞ்சுரத்துக்கு ஒரு காரணமும் இருந்தது. எண் தவறாக அச்சாகி வந்த படிவங்கள் பதினோரு கட்டு, அலுவலகக் கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தன. முன்பக்கத்தில் கட்டை விரல் தடிமனுக்குக் கறுப்பு எழுத்தில் ‘பழுதான மீட்டர். கழற்றி எடுக்கவும்’. பின்பக்கம் பால் போல வெள்ளை. அனுமதிக் கடிதம் எழுதி, அதைத் தானே பரிந்துரைத்து, அத்தனையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வண்ணக்கடைக்காரர் ஒவ்வொரு முறையும் தலைபாடாக அடித்துக்கொண்டார். வெறும் தாள் எண்ணெயைக் குடித்துவிடும், முதலில் இரண்டு தடவை அடிப்பூச்சு பூசிக் காயவிடுங்கள், பிறகு எதையாவது வரைந்துகொள்ளுங்கள் என்றார். சிங்கத்துக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

“பவுடர் அப்பின மூஞ்சியில நான் வரையறதில்ல.”

ஆக, தாள் குடித்தது. படத்தைச் சுற்றி வடை வைத்த காகிதம் மாதிரி எண்ணெய் வளையம் படர்ந்தது. அதற்கு அவர் ஒளிவட்டம் என்று பெயர் வைத்தார். காய்ந்த படங்களில் அங்கங்கே மங்கலாகக் கோடுகள் தெரிந்தபோது, அது தாளின் ரேகை, நல்ல தாளுக்கு மட்டும்தான் இருக்கும் என்றார். எழுத்து இடவலம் மாறித் தெரிந்ததால் அவருக்கும் புரியவில்லை, மற்றவர்கள் உற்றுப் பார்க்கவுமில்லை.

படங்கள் கல்யாணப் பரிசாகவும் புதுமனைப் பரிசாகவும் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயின. போனவை போனவைதான். எந்த வீட்டுச் சுவரிலும் அவர் ஒன்றையும் கண்டதில்லை. சகலை வீட்டில் ஒன்று அரிசி டின்னுக்கு மூடியாக இருந்ததைப் பார்த்துவிட்டு, அன்று சாப்பிடாமல் எழுந்து வந்தார். சொந்த வீட்டிலும் அதே கதை. மனைவியை வரைந்து ஆசையாகக் கொடுத்த படத்தை, அந்த அம்மாள் ஆறே மாதத்தில் கழற்றி பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டாள். கலை தெரியாத ஜென்மம் என்று சிங்கம் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஓய்வு பெறுவதற்குள் தன் படம் ஒன்றாவது ஒரு சுவரில் ஆணியில் தொங்க வேண்டும், நாலு பேர் அண்ணாந்து பார்க்க வேண்டும். அவர் வாழ்க்கையில் மிச்சமிருந்த ஆசை அது ஒன்றுதான்.

அதற்கும் வேளை வந்தது. செயற்பொறியாளர் ஓய்வு பெற்றார். கூட்ட அறையில் அவர் புகைப்படத்தை மாட்ட வேண்டும். புகைப்படம் எதற்கு, நான் இருக்கிறேன் என்று சிங்கம் முன்னால் வந்தார். பொறியாளரின் தலையில் பாதிக்கு மேல் நெற்றிதான். அந்த நெற்றி தகதகக்க வேண்டும் என்று வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்து மிக மெல்லிசாகப் பூசினார். முகம் நன்றாகவே வந்திருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். கண்ணாடி போட்டு மாட்டினார்கள், கை தட்டினார்கள். அன்றிலிருந்து சிங்கம் தண்ணீர் குடிக்கப் போனால்கூடக் கூட்ட அறை வழியாகச் சுற்றித்தான் போனார்.

ஐந்து மாதம் கழித்து ஓய்வூதியக் காகிதத்தில் கையெழுத்துப் போட பொறியாளர் மனைவியோடு வந்தார். அந்த அம்மாள் படத்தின் முன்னால் கணவரை நிறுத்தி, கைபேசியைத் தன் பக்கம் திருப்பி, மூன்று முகமும் விழும்படி செல்ஃபிக்கு நீட்டினார். திரையில்தான் எல்லாம் கண்ணாடியில் போல இடவலம் மாறித் தெரியுமே. ஐந்து மாதத்தில் எண்ணெய் ஊறி ஊறித் தாளின் மறுபக்கத்திலிருந்து எழும்பி வந்திருந்த எழுத்து, பொறியாளரின் நெற்றியில் ஒரு காதிலிருந்து மறு காது வரை நேராக நின்றது. அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு உரக்கவே வாசித்தார்.

“பழுதான மீட்டர். கழற்றி எடுக்கவும்.”

பிறகு அந்த அம்மாளே சிரிக்கத் தொடங்கினார். முப்பது வருஷமாக நான் வாயால் சொன்னதை அலுவலகம் எழுத்துமூலமாகவே கொடுத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். மீட்டர் பிரிவு மொத்தமும் சேர்ந்துகொண்டது. பொறியாளர் மட்டும் சிரிக்கவில்லை. கடைநிலை ஊழியர் நாற்காலி போட்டு ஏறிப் படத்தை இறக்கினார். ஆணி மட்டும் சுவரில் நின்றது.

சிங்கம் அரை நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் மனைவியிடம் சொன்னார். மனைவி எழுந்துபோய், பீரோவுக்குப் பின்னாலிருந்து தன் படத்தை இழுத்தெடுத்து, தூசி தட்டி, பீரோவின் நிலைக்கண்ணாடி முன்னால் பிடித்தாள். கண்ணாடிக்குள் அவள் கன்னத்தில் அதே எழுத்து, அச்சுப் பிசகாமல்.

“எனக்கு ரெண்டு வருஷமாத் தெரியும். தலை வாரும்போது கண்ணாடியில பார்த்தேன்” என்றாள்.

“ஏன் சொல்லல?”

“சொன்னா வரையறதையே விட்டுடுவீங்க. வேற என்ன இருக்கு உங்களுக்கு?”

சிங்கம் கட்டிலில் உட்கார்ந்தார். அவளோடு பேசாமலிருந்த அந்த இரண்டு மாதமும் நினைவுக்கு வந்து வெட்கம் பிடுங்கித் தின்றது. கண்ணாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கடைசியில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“அந்த அடிப்பூச்சு... எத்தனை தடவை பூசணும்னாரு கடைக்காரரு?”

“ரெண்டு தடவை. ஏழு வருஷமா அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்காரு” என்று சொல்லி, அவள் கடைக்குப் போகும் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.