கண்மாய்க்கரையில் கிடந்த சாமான்

உபகாரசாமி கொத்தமங்கலம் பக்கத்துக் கிளைத் தபால் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு இருபத்தாறு வயது. சேர்ந்த மூன்றாம் வருஷம் மனைவி லூசியா தலைப்பிரசவத்தில் பிள்ளையோடு போய்விட்டாள். மறுகல்யாணம் செய்துகொள்ளச் சொல்லி மாமியார் வீட்டிலேயே பேசிப் பார்த்தார்கள். அவர் பிடி கொடுக்கவில்லை. தபால் நிலையத்துக்குப் பின்னால் இருந்த ஒற்றை அறையில் தானே பொங்கித் தின்றுகொண்டு காலத்தைத் தள்ளினார்.

தினமும் ஐந்து ஊர் நடக்க வேண்டும். சரளைக்காட்டு ஒற்றையடிப் பாதையில் சைக்கிள் உதவாது. பாதி வீடுகளில் ஆள் கிடையாது. தேக்குக் கதவின் அடியில் கடுதாசியைத் தள்ளிவிட்டு வர வேண்டியதுதான். ஆள் இருக்கும் வீடுகளிலும் அவர் கையைத்தான் பார்ப்பார்கள், முகத்தைப் பார்ப்பவர்கள் குறைவு. கடுதாசி இருந்தால் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார்கள். இல்லையென்றால் அவர் வாயைத் திறப்பதற்குள் திரும்பிவிடுவார்கள். சில நாள் காலையில் பையை மாட்டியதிலிருந்து இரவு படுக்கிற வரை அவர் பேசியது மொத்தம் பத்துச் சொல்கூடத் தேறாது.

இப்படியே ஒன்பது வருஷம் ஓடியிருந்த நிலையில், அறுபத்தாறாம் வருஷம் மாசி மாதம் ஒரு காலையில், கண்மாய்க்கரைக் கருவேல மரத்தடியில் அந்தச் சாமானைப் பார்த்தார்.

ஒரு முழ நீளத்தில் வேப்பம்பலகை. ஒரு பக்கம் லேசாகக் குழித்துச் செதுக்கியிருந்தது. குறுக்கே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி இரண்டு வளையம், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. நுனியில் குடைக்காம்பின் வளைந்த பிடியை அறுத்துக் கம்பியால் இறுகக் கட்டி, கொக்கி மாதிரி நீட்டி விட்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சிரட்டை. கொக்கிக்குப் பக்கத்தில், ஆட்டுக் கழுத்தில் கட்டுகிற சின்ன மணி ஒன்று. கடையில் வாங்கியதல்ல, யாரோ உட்கார்ந்து யோசித்து யோசித்துச் செய்தது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. எதற்கென்றுதான் தெரியவில்லை. கரையில் ஒருவரும் இல்லை. கேட்டு வருகிறவரிடம் கொடுத்துவிடலாம் என்று பைக்குள் போட்டுக்கொண்டார்.

நடக்கும்போது மணி கிணுகிணுத்தது. முதல் தெருவிலேயே உமையாள் ஆச்சி, புருஷன் மதராஸில் கடை வைத்திருக்க, சமையல்காரியோடு அந்தப் பெரிய வீட்டில் இருப்பவர், வாசலுக்கு வந்துவிட்டார்.

"என்ன தபால்காரரே, பையில மணி கட்டியிருக்கீக?"

எடுத்துக் காட்டினார். ஆச்சி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க அப்பச்சி பர்மாவுலேர்ந்து கொண்டாந்ததுல இப்புடி ஒண்ணு இருந்துச்சு. பாக்கு வெட்டுறதும்பாக."

"இதுல வெட்ட ஒண்ணுமில்லையே ஆச்சி."

"அதானே! சரி, உட்காருங்க. நீர்மோர் கொண்டாரச் சொல்றேன்."

ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டில் அவரை உட்காரச் சொன்னது அன்றைக்குத்தான்.

டீக்கடை முத்துக்கருப்பன் அதைக் கையில் வாங்கியதுமே கண்ணைச் சிமிட்டினான். மதுவிலக்கு நடந்துகொண்டிருந்த காலம். "அண்ணே, இது சாராயம் காய்ச்சுறவன் சாமான். கொக்கி பானையைத் தூக்க. செரட்டை பதம் பாக்க. போலீஸ் வந்தா மணியடிச்சு ஆளுக்குச் சொல்றது. சத்தியமாச் சொல்றேன், கொண்டுபோயி வேலிக்குள்ள வீசிப்புடுங்க."

ஆடு மேய்க்கும் சொக்கு அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஒனக்கு எப்பவும் அந்த நெனப்புத்தான்டா. இது வெள்ளாமைக்குள்ள பூந்துபோற கெடாய்க்கு மாட்டுறது. எங்க அய்யா காலத்துல இருந்துச்சு."

"செரட்டை எதுக்கு? கெடா காப்பி குடிக்கிறதுக்கா?"

கடையே சிரித்தது. உபகாரசாமியும் சிரித்தார். தன் சிரிப்புச் சத்தம் தனக்கே புதிதாகக் கேட்டது அவருக்கு.

மறுநாளிலிருந்து அவர் வருவதற்காக ஆட்கள் காத்திருந்தார்கள். ஆச்சி ராத்திரி யோசித்து வைத்ததைச் சொல்வார். பக்கத்து ஊரில் ஒரு பெண் அது செய்வினைச் சாமான் என்று தள்ளி நின்றே பேசினாள். கண்டனூரிலிருந்து வந்த ஒருவர், வெள்ளைக்காரன் காலத்துச் சர்வே சாமான் என்று அடித்துச் சொன்னார். உபகாரசாமி ஒரு ஊரில் கேட்டதை அடுத்த ஊரில் சொன்னார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் கைச்சரக்கும் சேர்த்தார். "உட்காருங்க, உட்காருங்க" என்று எல்லா வாசலிலும் கேட்டது.

ஒரு மாதம் கழிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அறையில் அந்தச் சாமானைத் துடைத்துக்கொண்டிருந்தார். டியூப் வளையத்துக்குள் இருந்த தூசியைத் தட்டக் கையை நுழைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். வளையம் முழங்கைக்குக் கீழே பெரிதும் மணிக்கட்டில் சிறிதுமாகக் கச்சிதமாகப் பொருந்தியது. குழிவு கையைத் தாங்கிக்கொண்டது. தோல் பட்டுப் பட்டு அந்த இடம் வழவழவென்று இருந்தது. பானையின் கயிற்றில் கொக்கியை மாட்டித் தூக்கினார். விரல் ஒன்றைக்கூட மடக்காமலே பானை எழும்பியது.

விரல் வேலை செய்யாத யாரோ ஒருவருடைய கை இது.

இதை இழந்தவர் இந்த ஒரு மாதமாக என்ன பாடு படுகிறாரோ என்று நினைத்தார். விசாரித்தால் தெரிந்துவிடும். சுற்றுவட்டாரத்தில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் இருக்கப் போகிறார்கள்? அந்த நினைப்போடு ஒட்டிக்கொண்டே இன்னொன்றும் வந்தது. கொடுத்துவிட்டால் நாளைக்கு ஆச்சியிடம் என்ன பேசுவது?

சாமானைக் கழற்றிப் பையில் வைத்தார். அடுத்த பத்து நாளும் ஒன்றும் தெரியாதவர்போலவே எல்லோருடைய ஊகத்தையும் கேட்டுத் தலையாட்டினார். முத்துக்கருப்பன் சொன்ன பழைய வேடிக்கைக்கே மறுபடி சிரித்தார்.

பதினோராம் நாள் கோடைமழை பெய்து கண்மாய்ப் பாதை சேறாகிக் கிடந்தது. தெற்கே பனங்காட்டைச் சுற்றிக்கொண்டு போனார். அங்கே ஒரு குடிசை உண்டு என்று தெரியும். அதற்கு ஒரு நாளும் கடுதாசி வந்ததில்லை. மணி கிணுகிணுக்க அவர் கடந்து போகையில் குடிசைக்குள்ளிருந்து ஒரு பெண் வேகமாக வெளியே வந்தாள். நாற்பது வயது இருக்கும். இரண்டு கையையும் முந்தானையில் சுற்றியிருந்தாள்.

"சாமி, செத்த நில்லுங்க. அது என் மணிச் சத்தமுல்ல?"

உபகாரசாமி சாமானை வெளியே எடுத்தார். அவள் முந்தானையை விலக்கிக் கையை நீட்டினாள். பெருவியாதி வந்து விரல்கள் பாதியாகக் குறைந்த கை. மணிக்கட்டுவரை புதிய சூட்டுப் புண்கள். அவர் பார்வை அங்கே நின்றதைக் கண்டு அவளே சொன்னாள்.

"கையில சூடு தெரியாது சாமி. சதை கருகுற வாடை வந்தாத்தான் தெரியும். அதுக்குத்தான் இதைச் செஞ்சேன். பானை எறக்க, தண்ணி மொள்ள. கொக்கி நழுவுனாலும் எனக்குத் தெரியாது. மணி சொல்லும்."

அவள் பெயர் கருப்பம்மாள். கண்மாயில் தண்ணீர் மொள்ளப் போனபோது மீன் பிடிக்க வந்தவர்கள், தண்ணீரைத் தொடாதே என்று கல்லை எடுத்திருக்கிறார்கள். மாட்டியிருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறாள். மறுநாள் போய்ப் பார்த்தால் இல்லை.

"நாந்தான் எடுத்தேன்" என்றார் உபகாரசாமி. "நாப்பது நாள் ஆச்சு."

"நாப்பத்திரெண்டு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். சொல்லாமல் போயிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. "இது கைக்கு மாட்டுறதுன்னு பத்து நாளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்க்கா. தெரிஞ்சும் வச்சிருந்தேன்."

கருப்பம்மாள் அவரையே பார்த்தாள். "எதுக்கு வச்சிருந்தீக?"

"இதைக் காட்டுனா நாலு பேரு எங்கூடப் பேசுனாக."

அவள் சாமானைக் கையில் மாட்டிக்கொண்டு, குனிந்து உள்ளே போய்விட்டாள். கதவென்று இருந்த பனையோலைத் தட்டி மூடிக்கொண்டது. வெகுநேரம் நின்றுவிட்டு அவர் நடந்தார்.

"எங்கே சாமானைக் காணோம்?" என்று அன்றைக்கு எல்லோரும் கேட்டார்கள். சொல்லத்தான் வாய் வந்தது. நாற்பது நாள் அது அவர்கள் கையிலும் மடியிலும் இருந்திருக்கிறது. யாருடையது என்று தெரிந்தால் அருவருப்பு கோபமாகும், கோபம் அந்தக் குடிசையைத் தேடிப் போகும். "உரியவுக வந்து வாங்கிக்கிட்டாக" என்றார்.

"யாரு? எதுக்காம் அது?"

"வெளியூர்க்காரர் ஆச்சி. அவரு சொன்னது எனக்கு வெளங்கல."

"கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே! எத்தனை நாள் மண்டையைக் குடைஞ்சேன்" என்று ஆச்சி சலித்துக்கொண்டார். டீக்கடையிலும் அதே சலிப்பு. ஒரு வாரத்தில் பேச்சு ஓய்ந்தது. யாரும் அவரை உட்காரச் சொல்லவில்லை.

அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்காட்டுப் பக்கம் போக ஆரம்பித்தார். முதலில் புண்ணுக்குக் களிம்பு வாங்கி வாசலில் வைத்துவிட்டு வந்தார். நாலாவது முறை கருப்பம்மாள் வெளியே வந்தாள். தள்ளி ஒரு கல்லைக் காட்டி, "ஒக்காருங்க" என்றாள். அதற்குப் பிறகும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் அடுப்பைப் பார்ப்பாள், அவர் பனைமரத்தைப் பார்ப்பார்.

அடுத்த வருஷம் ஒரு நாள் அவளே ஆரம்பித்தாள். சிங்கம்புணரியில் தங்கச்சி வீட்டில் அவளுக்கு ஒரு மகள், பெயர் சாலா. கருப்பம்மாளுக்கு நோய் கண்டபோது பிள்ளைக்கு நாலு வயது. அம்மா செத்துப்போனாள் என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள்.

"எழுதட்டுமா?" என்றார் உபகாரசாமி.

"நான் இருக்கேன்னு எழுத வேணாம். செத்தவ செத்தவளாவே இருக்கட்டும். அது கல்யாணமாயிப் போயிருச்சா, அதை மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

சிங்கம்புணரித் தபால்காரருக்குத் தன் பெயரிலேயே இன்லேண்டு கடுதாசி போட்டார். பதினைந்து நாளில் பதில் வந்தது. சாலாவுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்தது, மாப்பிள்ளை அதே ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கிறான், நல்ல மாதிரி, இப்போது மூன்று மாதம் கர்ப்பம் என்று எழுதியிருந்தார் அவர். உபகாரசாமி ஞாயிற்றுக்கிழமை வரை பொறுக்கவில்லை. அன்றைக்கே பனங்காட்டுக்குப் போய் வாசித்தார்.

"இன்னொருக்கா வாசிங்க" என்றாள் கருப்பம்மாள். வாசித்தார். "அந்த மூணு மாசத்தை மட்டும்" என்றாள். அதையும் வாசித்தார். நிமிர்ந்து பார்த்தபோது, வெறும் அடுப்பில் உலை வைத்துக்கொண்டிருந்தாள். "கஞ்சி குடிப்பீகளா, எங் கையால?"

குடித்தார்.

எழுபத்தொன்றில் அவளுக்குக் காலில் புண் வைத்து நடக்க முடியாமல் போனது. தொழுநோயாளிகளை வைத்துப் பார்க்கும் ஒரு இல்லத்துக்கு அவர்தான் எழுதிப் போட்டு இடம் வாங்கினார். பஸ்ஸில் கண்டக்டர் ஏற்றத் தயங்கினான். உபகாரசாமி ஏறி, அவளைக் கைத்தாங்கலாக ஏற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முன் சீட்டுக்காரர்கள் எழுந்து பின்னால் போனார்கள். ஊரில் அதன் பிறகு சிலர் அவர் கையால் கடுதாசி வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொன்னார்கள். வைத்தார்.

இல்லத்திலிருந்து மூன்று வருஷத்தில் நாலு கடுதாசி வந்தது. வேறு யாரோ எழுதியது. சாப்பாட்டைப் பற்றி, மாத்திரையைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரி குறட்டையைப் பற்றி. எழுபத்துநாலு ஆடியில் ஐந்தாவதாக ஒரு கார்டு வந்தது. கருப்பம்மாள் காய்ச்சலில் காலமானாள், அடக்கம் முடிந்தது என்று இரண்டே வரி.

உபகாரசாமி ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் போனார். இல்லத்தைப் பார்த்துக்கொள்ளும் சகாயம்மாள் என்ற கன்னியாஸ்திரி, சவுக்குத் தோப்புக்குள் கூட்டிப்போய் மண்மேட்டைக் காட்டினார்.

"நீங்க அவுகளுக்கு என்ன வேணும்?"

"தெரிஞ்சவுகம்மா" என்றார். "நல்லாத் தெரிஞ்சவுக."

கருப்பம்மாள் சொல்லியிருந்த மகளுக்குத் தகவல் சொல்லிவிட வேண்டுமா என்று சகாயம்மாள் கேட்டார். உபகாரசாமி வேண்டாம் என்று தலையசைத்தார். மண்மேட்டைச் சுற்றி முளைத்திருந்த புல்லை உட்கார்ந்து பிடுங்கிப் போட்டார். சாயங்கால பஸ்ஸில் ஊருக்குத் திரும்பினார். மறுநாள் காலை பை கனமாக இருந்தது. ஐந்து ஊருக்கும் தபால் வந்திருந்தது.