பாஸ் ஆகிவிட்டான்

சமோவா நாட்டுச் சவாயித் தீவின் பேருந்து நிலையத்தில் மாவு உருண்டை பொரித்து விற்கும் மசினாவுக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஓட்டலில் துணி துவைத்த காலத்தில் காதில் விழுந்த சொற்கள்தான். 'பாஸ்' மட்டும் நன்றாகத் தெரியும். சமோவா மொழியில் அது 'பாசி'. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிய எந்தத் தாய்க்குத்தான் தெரியாது?

மகன் ஃபெரெட்டி பிரிஸ்பேனில், இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி சுமந்தான். பளு தூக்கும் வண்டி ஓட்ட உரிமம் வாங்கப் படித்துக்கொண்டிருந்தான். "இந்த வாரம் பரீட்சை, எனக்காக ஜெபம் பண்ணும்மா" என்றிருந்தான்.

சனிக்கிழமை காலை போன் வந்தது. வெள்ளைக்காரப் பெண் குரல், தணிந்து பேசியது. ஃபெரெட்டி பெயர் வந்தது, பிறகு அந்தச் சொல்.

"பாசி? என் ஃபெரெட்டி பாசி?"

ஆமாம் என்றது குரல்.

"தேங்க்யூ! வெரி ஹேப்பி!" மசினா சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் கேட்டது. மறுமுனையில் ஏதோ சொல்வதற்குள் அவள் போனை வைத்துவிட்டாள்.

"இனிமே நாங்கெல்லாம் உன் கண்ணுக்குத் தெரிவோமாடி?" என்று பக்கத்து வீட்டுக்காரிகள் கேலி செய்தார்கள். விருந்துக்குப் பன்றி அடித்தார்கள். அதை வேகவைக்க அடுப்புக் கல் சூடேறிக்கொண்டிருந்தபோது போதகரின் மனைவி தலீங்கி வந்தாள். ஃபெரெட்டியோடு வேலை பார்க்கும் சியாக்கி அவளிடம் போனில் சொல்லியிருந்தான். வேலையில் மயங்கி விழுந்த ஃபெரெட்டி ஆஸ்பத்திரியில் கண் விழிக்கவே இல்லை.

"பொய். பாஸ்னு போன்ல அந்தம்மாவே சொன்னா."

"செத்துட்டாங்கன்னு வெள்ளைக்காரங்க பட்டுனு சொல்ல மாட்டாங்கக்கா. அதையும் 'பாஸ்'னுதான் சொல்லுவாங்க. கடந்து போயிட்டாருங்கிற மாதிரி."

"வேற மாதிரி உச்சரிக்க மாட்டாங்களா?"

"இல்லக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

சியாக்கி சவப்பெட்டியோடு வந்தான். அடக்கம் முடிந்து அவன் கிளம்பும்போது மசினா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னைக்கு எனக்குப் போன் பண்ணின நர்சைப் பாத்துச் சொல்லுப்பா. எனக்குப் புரியலன்னு சொல்லு. பிள்ளை செத்ததுக்குச் சிரிச்ச பொம்பளைன்னு நெனச்சுக்கிட்டிருப்பா."

"அப்படியெல்லாம் நெனைக்க மாட்டாங்க அத்தை."

"நீ சொல்லு."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்தான். அந்த நர்ஸ் வேறு ஊருக்கு மாறிப் போயிருந்தாள். அங்கிருந்தவர்களிடம் சொல்லிவிட்டு வந்ததாகப் போனில் தெரிவித்தான்.

"அவ காதுக்குப் போயிருக்காது" என்றாள் மசினா.

இப்போதும் தெரியாத குரல் போனில் வந்தால் அவள் பேசுவதில்லை. தலீங்கியிடம் கொடுத்துவிட்டு, சற்றுத் தள்ளி நின்று, அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.