தூசி இல்லை என்று எழுதிய அறை

பெயிண்ட் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘மனு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வருஷத்தில் பதினொரு மனு போட்டவளை வேறு எப்படிக் கூப்பிடுவது!

அவள் கேட்டது ஒன்றே ஒன்று, வடிகட்டி வைத்த நல்ல முகமூடி. ‘நானோ’ என்கிற மிகமிக நுண்ணிய பொடி மூட்டையைக் கிழித்து, கலவைத் தொட்டிக்குள் தலையை நீட்டிக் கொட்டுவது அவள் வேலை. அந்தப் பொடி சேர்ந்தால் சுவரில் அழுக்கு ஒட்டாதாம். அவள் நெஞ்சில் ஒட்டுவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. பொடி எழும்புவது கண்ணுக்குத் தெரியாது; வாயில் சுண்ணாம்பு ருசி வந்தால்தான் தெரியும். கொடுத்திருப்பதோ ஒரு துணி முகமூடி. இப்போதெல்லாம் நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது.

“வாரியம் சொல்லட்டும், அன்னைக்கே வாங்கித் தரேன்” என்று மேலாளர் கைகழுவிவிட்டார். அரசின் நானோ வளர்ச்சி வாரியத்தில், “நாங்க தொழில வளர்க்கிறவங்கம்மா. கண்காணிக்கிறது பாதுகாப்பு வாரியம்” என்றார்கள். பாதுகாப்பு வாரியத்தில், “நானோன்னா வளர்ச்சி வாரியத்தக் கேளுங்க” என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடம்தான், மேல்மாடியும் கீழ்மாடியும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே சாமி எந்த மாடியில் என்பதே தெரியவில்லை.

“பேசாம அந்தப் படிக்கட்டுலயே குடியிருந்துடு” என்றான், பஸ் ஓட்டும் கணவன். அவனுக்குக் கிண்டல், அவளுக்கு வயிற்றெரிச்சல்.

பன்னிரண்டாவது மனுவுக்குப் பாதுகாப்பு வாரிய ஆய்வாளர் வந்தேவிட்டார். அறை வாசலிலேயே பெட்டியைத் திறந்து, இரண்டு பக்கமும் வடிகட்டி வைத்த முகமூடியை மாட்டிக்கொண்டார். தூசி அளக்கும் கருவியைத் தொட்டி ஓரம் வைத்தார். அவள் மூட்டையைக் கிழித்துக் கொட்டினாள். கருவி பூஜ்யம் காட்டியது.

“சார், எனக்கு நாக்குலயே ருசிக்குது!”

“மிஷின்ல வரலியேம்மா. இவ்ளோ சின்னப் பொடிய அளக்கிற மிஷின் எங்ககிட்ட இல்ல. படிவத்துல அதுக்குக் கட்டமும் இல்ல.”

‘தூசி இல்லை’ என்று எழுதி, மேலாளரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தூசிதான் இல்லையே சார். அந்த முகமூடியக் கழட்டி எங்கிட்டக் குடுத்துட்டு, ஒரு மூட்டை நீங்க கொட்டுங்க.”

ஆய்வாளரின் கை தானாக மேலே போய், முகமூடியின் வாரை இன்னும் கொஞ்சம் இறுக்கியது.