அக்கா வாசிக்காமல் வைத்த வசனங்கள்

வருகிற ஐப்பசியோடு அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. அவருக்கு உடன்பிறந்தவன் நான் ஒருவனே என்பதால், இந்த நினைவு மலருக்கு அவருடைய வாழ்க்கையை எழுதும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தீர்கள். அவருடைய நற்குணங்களை எழுத உட்கார்ந்தால் ஒவ்வொன்றுக்கும் அடியில் என் குறை ஒன்று கிடக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது திருச்சிப் பாலக்கரையில், மாவு மில்லுக்குப் பின்னால் இருந்த சந்தில். அப்பா ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். நான் எழுத்துக் கூட்டத் தொடங்கிய வயதில் அம்மா இறந்துபோனார். அதன்பின் எனக்குத் தலை வாரிவிட்டதும் பாடம் கேட்டதும் அக்காதான். ஆசிரியப் பயிற்சி முடித்து, ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி படிப்பு முடியட்டும்" என்றார். என் படிப்பு முடிந்தபோது கேட்டு வர யாருமில்லை.

எங்கள் வீட்டில் மாலை ஜெபத்துக்கு அப்பா வைத்த முறை ஒன்று உண்டு. வேதாகமத்தில் ஒரு நாளைக்கு ஓர் அதிகாரம். ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வர வேண்டும். தொடங்குவது வீட்டில் மூத்தவர். அம்மா இருந்தபோது நால்வர் சுற்று. பிறகு மூவர். அப்பாவும் போன பிறகு அக்காவும் நானும் மட்டும். ஒற்றைப்படை வசனங்கள் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு. நான் கல்லூரியில் பேராசிரியராகி, மணமாகித் தனிக்குடித்தனம் போகும்வரை அப்படித்தான் வாசித்தோம்.

எனக்கு நல்ல குரல் என்று சொல்வார்கள். திருச்சியில் எங்கள் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கவும், போதகர் இல்லாத நாளில் பிரசங்கம் செய்யவும் என்னை அழைப்பார்கள். துக்க வீடுகளுக்குப் போனால் நான்தான் வசனம் சொல்லி ஆறுதல் கூறுவேன். எந்தத் துக்கத்துக்கு எந்த வசனம் என்பது எனக்கு மனப்பாடம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில் என் மனைவி நோயுற்று இறந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லோரும், பேசி வைத்ததுபோல, ஒரே வசனத்தைச் சொன்னார்கள். அது நான் அவர்கள் வீடுகளில் சொன்ன வசனம்தான். நான் கொடுத்தது எனக்குத் திரும்பி வந்தபோதுதான் அதன் ருசி தெரிந்தது. அவர்கள் மேல் தவறில்லை. நான் அதை அவர்களுக்கு எப்படிக் கொடுத்திருந்தேனோ, அப்படியே வந்தது. அன்றிலிருந்து எனக்கு வேதத்தைத் திறக்கப் பிடிக்கவில்லை. விசுவாசம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. பசி போய்விட்டது.

நாங்கள் தனிக்குடித்தனம் இருந்த பாலக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு, ஸ்ரீரங்கத்தில் இருந்த அக்காவிடம் வந்தேன். திருவானைக்காவல் போகும் சாலைக்கு அருகே சிறிய வீடு. அந்தத் தெருவில் நாங்கள் மட்டுமே கிறிஸ்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குப் போக வேண்டுமானால் பஸ் பிடித்துக் காவேரியைத் தாண்ட வேண்டும். வந்த அன்று மாலையே அக்கா விளக்கை ஏற்றி, பாயை விரித்து, புத்தகத்தைப் பிரித்தார். முதல் வசனத்தை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வேண்டாம் அக்கா. நீங்களே வாசிங்க."

"உடம்பு சரியில்லையா தம்பி?"

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

நான் வாசல் அறையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேப்பரைப் பிரித்தேன். உள்ளே அக்கா மூன்றாவது வசனத்தை வாசிப்பது கேட்டது. பிறகு ஓர் அமைதி. பிறகு ஐந்தாவது. என் வசனங்களை அவர் வாசிக்கவே இல்லை. அவை வாசிக்கப்படும் நேரம் அளவுக்குக் காத்திருந்துவிட்டு, தம்முடையதை வாசித்தார். அன்று மட்டுமல்ல, பல ஆண்டுகள், நாள் தவறாமல்.

ஒருமுறை போதகரும் சபையார் சிலரும் வீட்டு ஜெபத்துக்கு வந்தார்கள். போதகர் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி, ஏற்ற இறக்கத்தோடு சங்கீதப் புத்தகத்தில் ஓர் அதிகாரம் முழுவதையும் வாசித்தேன். எல்லோரும் மெச்சினார்கள். அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது அக்கா தம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"விருந்தாளிக்கு வடை பாயசம் போட்டே. வீட்டு ஆளு பட்டினி."

"யாரு பட்டினி? தினமும் நீங்க வாசிக்கத்தானே செய்றீங்க? என் பங்கையும் சேத்து வாசிச்சுட்டுப் போங்களேன்."

"உன் தட்டுல நான் எப்படிடா கை வைக்கிறது?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு நாளும் அவர் தம் வசனங்களை வாசித்தார். என் நேரத்தையும் விட்டுவைத்தார்.

பக்கத்து வீட்டுப் பெரியவர், ரங்கநாதர் கோயிலில் பாசுரங்களைச் சேவிக்கும் கோஷ்டியில் இருந்து ஓய்ந்தவர். அந்தக் கோஷ்டி இரு வரிசையாக எதிரெதிரே நின்று, ஒரு வரிசை ஓர் அடியைச் சொன்னால் மறு வரிசை அடுத்ததைச் சொல்லும். அவர் காதுக்கு எங்கள் வீட்டுச் சங்கதி தப்புமா? ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏன் ஓய், டீச்சரம்மா ஒரு அடி சொல்றா, நிறுத்தறா. மறுபடி சொல்றா, நிறுத்தறா. எதிர் கோஷ்டி எங்கே?"

"அதுக்கு உடம்பு சரியில்லை" என்றேன்.

"நானும் கேட்டுண்டுதான் இருக்கேன். இத்தனை வருஷமாவா ஒரு ஜுரம்?"

சிரித்து மழுப்பினேன். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, அந்தத் தெருவிலேயே என்னைவிடத் தனியானவர் யாரும் இல்லை என்று பட்டது. அதே தனிமையில்தான் அடுத்த அறையில் அக்காவையும் நான் வைத்திருக்கிறேன் என்பது மட்டும் அப்போது படவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்காவின் இரு கண்களிலும் புரை வளர்ந்தது. எழுத்துகளை விளக்குக்குப் பக்கத்தில் பிடித்துத் தடவித் தடவி வாசித்தார். ஒரு மார்கழி, வைகுண்ட ஏகாதசிக்கு வந்த கூட்டம் தெருவெல்லாம் போய்க்கொண்டிருந்தது. இரைச்சலுக்கு மேலே கேட்கட்டும் என்று அக்கா உரக்க வாசித்தார். யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரம். தம்மை மூன்று முறை தெரியாது என்று சொன்ன பேதுருவிடம், உயிர்த்தெழுந்த ஆண்டவர் ஏரிக்கரையில், என்னை நேசிக்கிறாயா என்று மூன்று முறை கேட்கும் இடம்.

நான் பலமுறை பிரசங்கித்த பகுதி அது. மூன்று மறுதலிப்பு, மூன்று கேள்வி என்று விரல் மடக்கிச் சொல்லியிருக்கிறேன். அக்கா முதல் கேள்வியையும் முதல் பதிலையும் வாசித்தார். அது பதினைந்தாம் வசனம். அமைதி. பதினேழில் ஆண்டவர் மூன்றாம் தடவை கேட்கிறார், பேதுரு துக்கப்படுகிறான். நடுவில் கேட்ட கேள்வி கேட்கப்படாமலே நின்றது. பேதுரு அதற்குப் பதில் சொல்லாமலே நின்றான். பதினாறு என்னுடைய வசனம்.

பேப்பரை வைத்துவிட்டு உள்ளே போனேன்.

"அக்கா, பதினாறு விட்டுப் போச்சு."

அவர் நிமிரவில்லை. "விட்டுப் போகல தம்பி. வச்சிருந்தேன்."

பாயில் உட்கார்ந்து வாசித்தேன். மெச்சப்பட்ட அந்தக் குரல் வரவில்லை. இரண்டு இடத்தில் தடுக்கியது. அக்கா பதினேழை மறுபடி வாசித்தார். "ம், பதினெட்டு" என்றார். நீ முதிர்ந்தவனாகும்போது வேறொருவன் உனக்கு உடுத்திவிடுவான் என்று ஆண்டவர் பேதுருவிடம் சொல்லும் வசனம் என் பங்காக வந்தது.

அன்றே பசி திரும்பிவிட்டது என்று எழுதினால் பொய். முதலில் அக்காவுக்காகத்தான் உட்கார்ந்தேன். பிறகு, இத்தனை ஆண்டு அவர் வைத்துக் காத்த என் வசனங்கள் என்னென்ன என்று தேடிப் பார்த்தேன். ஒரு நாள் மத்தியானம், அக்கா பள்ளித் தோழி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தபோது, யாரும் கூப்பிடாமல் புத்தகத்தைத் திறந்து, மாலைக்கு வரவேண்டிய அதிகாரத்தை அவசரப்பட்டு வாசித்துக்கொண்டிருந்தேன். அக்கா வந்து பார்த்துவிட்டு, "சமையல் ஆகுறதுக்குள்ள சட்டியில கை வைக்கிறியா?" என்று சிரித்தார்.

ஆனால் அவருடைய கண்களில் மிஞ்சியிருந்த காலம் கொஞ்சமே. பார்வை போன பிறகு அவர் வசனங்களை நான் மெல்லச் சொல்ல, அவர் கேட்டுத் தம் வாயால் உரக்கச் சொல்வார். அவர் நன்றாக வாசித்த ஆண்டுகளை நான் பேப்பர் படித்துத் தீர்த்தேன். அந்த ஆண்டுகளை எங்கே போய்க் கேட்பேன்? கடைசி மாதங்களில் அவர் படுக்கையைவிட்டு எழவில்லை. போன ஐப்பசியில் ஒரு மாலை, தம் வசனத்தின் பாதியில் உறங்கினார். விடிந்தபோது இல்லை.

அடக்கம் செய்து திரும்பிய அன்று விளக்கேற்றிப் புத்தகத்தைப் பிரித்தேன். முதல் வசனம் அவருடையது. தொடங்க வழி தெரியாமல் மூடிவிட்டேன். மறுநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். "இப்போ அந்தப் பக்கத்து கோஷ்டி போயிடுத்தே ஓய்" என்றார்.

இப்போதெல்லாம் ஒற்றைப்படை வசனங்களை மனதுக்குள்ளும், என்னுடையவற்றை வாய்விட்டும் வாசிக்கிறேன். பசி இருக்கிறது. பக்கத்தில் ஆள் இல்லை.

அக்காவின் கடைசி நாட்களில் வாரந்தோறும் ஆற்றைத் தாண்டி வந்து ஜெபித்த போதகருக்கும், கட்டணம் வாங்காமல் பார்த்த டாக்டருக்கும், அவரைக் குளிப்பாட்டி உடுத்திவிட்ட பக்கத்து வீட்டு மாமிக்கும், பெட்டியைச் சுமந்த அவருடைய பழைய மாணவிகளின் கணவன்மாருக்கும், தொலைவிலிருந்து வந்து என்னோடு தங்கிய உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. மாமிக்கு ஒரு வார்த்தை கூடுதலாக: நான் அன்று வாசித்த பதினெட்டாம் வசனத்தை நீங்கள்தான் செய்து முடித்தீர்கள்.

நினைவு நாள் மாலை எல்லோரும் ஸ்ரீரங்கம் வீட்டுக்கு வாருங்கள். அந்த ஏரிக்கரை அதிகாரத்தையே வாசிப்போம், ஆளுக்கு ஒரு வசனமாக. தொடங்குவது மூத்தவர் என்பது எங்கள் வீட்டு முறை. ஆகவே முதல் வசனத்துக்கு யாரும் வாய் திறக்க வேண்டாம். அக்கா நிதானமாகத்தான் வாசிப்பார். அவ்வளவு நேரமும் பொறுத்திருங்கள். இரண்டாவது என்னுடையது. நான் வாசிக்கிறேன்.