ஸ்டாண்ட் வைத்த மவுண்டன் பைக்

"ஆன்ட்டி, உங்க இன்சீம் எவ்வளவு?"

காலை நேரம். அடுப்பில் குக்கர் கத்திக்கொண்டிருக்கிறது. முன்னே பின்னே பேசியிராத ஓர் இளைஞர் ஃபோனில் இப்படிக் கேட்டால் நீங்கள் என்ன செய்வீர்கள்? நான் 'ராங் நம்பர்' என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பிறகுதான் தெரிந்தது. இன்சீம் என்றால் காலின் உள்பக்க நீளமாம். சைக்கிள் வாங்க முதலில் அந்த அளவுதான் வேண்டுமாம். கேட்டவர் பெயர் தினேஷ். வானகரத்தில் அபார்ட்மென்ட், ஐ.டி. வேலை. எங்கள் வீட்டுக்காரர் சேர்ந்திருக்கும் சைக்கிள் குரூப்புக்கு அவர்தான் கேப்டன். தங்கமான பிள்ளை. என்ன... எனக்கு ஒரு மவுண்டன் பைக் பார்த்துத் தரும் பொறுப்பை, என்னைக் கேட்காமலேயே தலையில் தூக்கிப் போட்டுக்கொண்டார்.

பேத்தி எடுத்த பிறகு உனக்கெதற்கு சைக்கிள் என்கிறீர்களா? எனக்கு வேண்டியது சைக்கிள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை.

எங்கள் வீட்டுக்காரர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் பார்த்தே ரிட்டயர் ஆனவர். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குக் காலை என்ற ஒன்றே கிடையாது. ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் என்றால் விடியுமுன் கிளம்பிவிடுவார். நைட் ஷிஃப்ட் என்றால், நான் டிகாக்ஷன் இறக்கும் நேரத்துக்கு வந்து போர்த்திப் படுத்துவிடுவார். ஞாயிறுகளில் ஓ.டி. "ரிட்டயர் ஆயிடட்டும், ரெண்டு பேரும் நிதானமா உக்காந்து காபி குடிக்கலாம்" என்பார். நானும் நம்பினேன்.

ரிட்டயர் ஆனார். வார நாட்களில் எங்கள் வீடு பஸ் ஸ்டாண்ட் மாதிரி. மகனுக்கு டிபன் பாக்ஸ், மருமகளுக்கு டிபன் பாக்ஸ், பேத்திக்கு ஸ்கூல் வேன். ஞாயிறு ஒன்றில்தான் எல்லோரும் வெயில் ஏறும்வரை தூங்குவார்கள். ஆக, எங்களுக்கென்று மிச்சம் இருந்தது அந்த ஒரு காலை. அதையும் சைக்கிள் வந்து அடித்துக்கொண்டு போனது!

அவரைக் குற்றம் சொல்லவும் முடியவில்லை. சுகர் குறைந்தது. தொப்பை கரைந்தது. குரூப் பிள்ளைகள் 'அங்கிள், அங்கிள்' என்று கொண்டாடுகிறார்கள். ஆனால், இருட்டோடு போய் ஒன்பது மணிக்குத் திரும்பி, ஃபோனில் ஆவரேஜ் ஸ்பீடைக் காட்டிவிட்டு, இட்லி சாப்பிட்டுப் படுத்தால்... அது இன்னொரு நைட் ஷிஃப்ட் தானே? சக்களத்தி வந்திருந்தாலாவது குடுமியைப் பிடிக்கலாம். சைக்கிளோடு என்ன சண்டை போடுவது?

ஒரு நாள் சொல்லிவிட்டேன். "நானும் வரேன்."

மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் பாருங்கள், குரூப்புக்கு ஒரே குஷி. அன்று முழுக்க அவர் ஃபோன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. ஆன்ட்டிக்குச் சின்ன வீலா, பெரிய வீலா? முன்னால் மட்டும் சஸ்பென்ஷனா, பின்னாலும் வேண்டுமா? எத்தனை கியர்? எந்த டயர்? என் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட எங்கள் வீட்டில் இத்தனை விசாரணை நடக்கவில்லை.

நான் ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டேன். "மவுண்டன் பைக்னு சொல்றீங்களே, காட்டுப்பாக்கத்துல மலை எங்கப்பா இருக்கு?"

"ஆன்ட்டி, நீங்க உங்க தெருவைப் பார்த்ததில்லையா?" என்றார் தினேஷ்.

அதுவும் சரிதான். மெட்ரோவுக்குத் தோண்டினது, கால்வாய்க்குத் தோண்டினது, எதற்கென்றே தெரியாமல் தோண்டினது... மேடும் பள்ளமுமாக எங்கள் ஏரியாவில் எதற்குத் தனியாக ஒரு மலை?

பூந்தமல்லியில் பஷீர் பாய் கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். குரூப்பே அங்கேதான் சைக்கிள் வாங்கும்.

"இன்னாக்கா, நீங்களும் இந்த கோஷ்டில சேந்துகினீங்களா?" என்று சிரித்தபடியே பாய் ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

தினேஷும் எங்கள் வீட்டுக்காரரும் ஒவ்வொரு சைக்கிளாக ஒற்றை விரலில் தூக்கிப் பார்த்தார்கள். இது இவர்களிடம் ஒரு சடங்கு. பெண் பார்க்கப் போனால் பஜ்ஜி, சொஜ்ஜி மாதிரி, சைக்கிள் பார்க்கப் போனால் விரலில் தூக்க வேண்டும். எடை குறைய வேண்டுமாம். புது சைக்கிள் வாங்கியதும் முதல் வேலையாக ஸ்டாண்டைக் கழற்றுவார்கள். பிறகு மட்கார்டு, பெல், கேரியர். அப்படி உயிரைக் கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, ரைடு முடிந்ததும் நெய் மிதக்கும் பொங்கலும் இரண்டு வடையும் சாப்பிடுவார்கள். கேட்டால் அது வேற கணக்காம்!

நான் எதையும் தூக்கவில்லை. ஒவ்வொன்றாக ஏறி உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் நன்றாக ஊன்றிய ஒரு பச்சை சைக்கிள் பிடித்துவிட்டது. குண்டு டயர், முன்னால் சஸ்பென்ஷன், டிஸ்க் பிரேக். டயர் இத்தனை குண்டாக எதற்கு என்று முதலில் முனகினேன். ஜல்லி ரோட்டில் ஓட்டியபிறகு அந்த டயருக்கு ஒரு கும்பிடு போட்டேன், அது வேறு விஷயம்.

"இதுவே இருக்கட்டும் பாய். ஸ்டாண்ட், கேரியர், பெல் மூணும் மாட்டிடுங்க."

எங்கள் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். பட்டுப் புடவையை வாங்கி அதிலேயே கைப்பிடித் துணி தைக்கச் சொன்னதுபோல் தினேஷ் என்னைப் பார்த்தார்.

"ஸ்டாண்ட் எதுக்கு ஆன்ட்டி?"

"நடுவுல எங்கயாச்சும் நிறுத்தணும்ல?"

"நடுவுல எதுக்கு ஆன்ட்டி நிறுத்தணும்?"

பிள்ளை நிஜமாகவே புரியாமல்தான் கேட்டது. எனக்குத்தான் அப்போது ஒன்று புரிந்தது. எங்கள் வீட்டுக்காரர் எத்தனையோ ஞாயிறுகளாகச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் போய் வருகிறார். ஏரியில் தண்ணீர் நிரம்பியிருக்கா என்று கேட்டால், "கவனிக்கல" என்பார். போன இடத்தில் நின்றிருந்தால் அல்லவா கவனிப்பதற்கு!

பாய் உள்ளே போய் ஒரு கோணிப்பையை இழுத்து வந்து கொட்டினார். அத்தனையும் ஸ்டாண்ட். "எல்லாம் உங்காளுங்க கழட்டிப் போட்டுட்டுப் போனதுதான்க்கா. நல்லதா ஒண்ணு பொறுக்கிக்கோங்க."

பொறுக்கிக்கொண்டேன்.

போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு என் முதல் ரைடு. பேட் வைத்த அரை டிராயர் ஒன்றை வாங்கித் தந்து, கட்டாயம் போடச் சொன்னார்கள். 'கருமம், இதையெல்லாம் எவ போடுவா' என்று வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனேன். அதன் பலனை அடுத்த இரண்டு நாள் நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அனுபவித்தேன். இப்போது சுடிதாருக்குள் அதுதான். விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் கொஞ்சம் கேட்கவும் வேண்டும்.

கேரியரில் ஒரு பையைக் கட்டி, அதில் ஃபிளாஸ்க்கும் இரண்டு டம்ளரும் வைத்திருந்தேன். அவரிடம் சொல்லவில்லை.

குமணன்சாவடி திரும்பும்வரை என் பக்கத்தில்தான் வந்தார். பிறகு, "முன்னாடி போய் வெயிட் பண்றேன், நீ மெதுவா வா" என்றார். அவ்வளவுதான். அவர் சட்டையின் ஆரஞ்சு நிறம் சிறுத்துச் சிறுத்து மறைந்தே போனது.

சுருக்கென்றது. பொய் சொல்வானேன்? மாங்காடு வரைக்கும் கண் கலங்கித்தான் மிதித்தேன். கேப்டன் கடைசி ஆளோடுதான் வரவேண்டும் என்பது குரூப் விதி. அதனால் தினேஷ் என் பின்னாலேயே வந்தார். "சூப்பர் ஆன்ட்டி... கியரைக் குறைங்க ஆன்ட்டி..." கட்டினவர் காற்றாய்ப் பறக்கிறார், பெற்ற தாய்க்கு வருவதுபோல் ஊரார் பிள்ளை துணைக்கு வருகிறது. இந்த வெட்கக்கேட்டை யாரிடம் சொல்ல?

குன்றத்தூர் தாண்டி, ஏரியை ஒட்டின மண் பாதையில் எல்லோரும் எங்களுக்காக நின்றிருந்தார்கள். முதல் நாள் மழை. எங்கும் சேறு. சுவர் இல்லை, மரம் இல்லை, சைக்கிளைச் சாய்க்க ஒரு கல்கூட இல்லை. கீழே படுக்க வைக்கவும் மனசில்லை. மாட்டுச் சந்தையில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, ஆளுக்கொரு சைக்கிளைக் கையில் பிடித்தபடி நின்றார்கள்.

நான் இறங்கினேன். காலால் ஸ்டாண்டைத் தட்டினேன். டக்! சைக்கிள் நின்றது. பையை அவிழ்த்துக்கொண்டு கரையோரம் போய் நின்றேன்.

அடேயப்பா, என்ன தண்ணீர்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெள்ளித் தகடு. நாரைகள் ஒன்றிரண்டு ஆடாமல் அசையாமல் நின்றன. ஃபிளாஸ்க்கைத் திறந்தேன். காபி வாசனை காற்றில் போயிருக்க வேண்டும்.

"காபியா?" என்றார் எங்கள் வீட்டுக்காரர், பின்னாலிருந்து.

"உங்களுக்கும்தான். ஆனா எப்படிக் குடிப்பீங்க? கை ரெண்டும் சைக்கிள்ல இல்ல இருக்கு?"

சைக்கிளைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல, அந்த விலையுயர்ந்த சைக்கிளைக் கொண்டுபோய் என் பச்சை சைக்கிள் மேல் சாய்த்துவிட்டு வந்தார். டம்ளரை வாங்கிக்கொண்டார். ஒரு வாய் குடித்தார். "தண்ணி நெறைய இருக்குல்ல?" என்றார்.

எத்தனையோ வருஷம் காத்திருந்த காபி, ஐயா அது. என் டம்ளரிலும் ஊற்றிக்கொண்டேன்.

அவர் செய்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் துணிவு வந்துவிட்டது. ஒருத்தர் தன் சைக்கிளை அவர் சைக்கிள் மேல் சாய்த்தார். அதன்மேல் இன்னொருத்தர். அதன்மேல் இன்னொருத்தர். கேப்டன் உட்பட! ஸ்டாண்டே கூடாது என்று சத்தியம் செய்த கூட்டம் மொத்தமும் என் ஒற்றை ஸ்டாண்டை நம்பிவிட்டது. பாவம், அது எத்தனை பேரைத் தாங்கும்?

டம்ளரில் பாதிகூட முடியவில்லை. தடதடவென்று சத்தம். திரும்பிப் பார்த்தால், அத்தனையும் சேற்றில். ஓடிப்போய் ஒவ்வொன்றாகத் தூக்கினோம். என் சைக்கிளில் ஸ்டாண்ட் வளைந்து, பெல் மூடி நசுங்கியதோடு சரி. அவர் சைக்கிளில்தான் பின் கியரைத் தாங்குகிற குட்டிக் கொக்கி வளைந்துபோனது. செயின் கடைசிப் பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டது. மேடு ஏறுவதற்கான கியராம் அது. எவ்வளவு மிதித்தாலும் நடக்கிற வேகத்தில்தான் போகும்.

எல்லோரும் சாரி சொன்னார்கள். பிறகு பறந்துவிட்டார்கள். "அங்கிள் இருக்காரே, பாத்துப்பாரு" என்று தினேஷையும் அனுப்பிவிட்டேன்.

அப்புறம்? அப்புறம் என்ன, இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் வந்தோம். முதலில் உர்ரென்றுதான் வந்தார். மாங்காடு நெருங்கும்போது, "அட, இங்க ஒரு இட்லிக் கடை இருக்கா?" என்றார். வாராவாரம் அந்தக் கடை வாசல் வழியாகத்தான் போய் வருகிறார்! நிறுத்தினோம். அம்மன் கோயில் பக்கம் பூ வாங்கினேன். நான் பேரம் பேசி முடிக்கிற வரைக்கும் இரண்டு சைக்கிளையும் அவர்தான் பிடித்துக்கொண்டு நின்றார். என் ஸ்டாண்டும் வளைந்திருந்ததே! வீட்டுக்கு வரும்போது பேத்தியே எழுந்து பல் தேய்த்திருந்தாள்.

நல்ல காலை. ஆனால் தானாகக் கிடைத்ததா? கொக்கி வளைந்ததால் கிடைத்தது. கொக்கியை மாற்றிவிட்டால்?

வாரத்தின் நடுவில் அவர் இரண்டு சைக்கிளையும் ஒரு குட்டி யானை வேனில் ஏற்றிக்கொண்டு பாய் கடைக்குப் போனார். சாயங்காலம் திரும்பி, ஷெட்டில் பூட்டினார். "புது கொக்கி போட்டாச்சு. கியர் இப்ப வெண்ணெய் மாதிரி விழுது" என்றார். சந்தோஷம் என்று சொல்லி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு, இருட்டு பிரியுமுன் எழுந்து காபி கலந்தேன். ஒரு டம்ளர் எடுப்பதா, இரண்டா என்று கொஞ்ச நேரம் அலமாரியையே பார்த்துக்கொண்டு நின்றேன். போனால் போகிறது என்று இரண்டு எடுத்தேன்.

வாசலுக்கு வந்தால், அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கிறார். அவர் சைக்கிள் நடுவாசலில் நிற்கிறது. சுவரில் சாயவில்லை. கேட்டில் சாயவில்லை. தானாக நிற்கிறது.

குனிந்து பார்த்தேன். ஸ்டாண்ட்!

"பாய்தான் சொல்லாம கொள்ளாம மாட்டிட்டாரு," என்றார், லேஸிலிருந்து கண்ணை எடுக்காமல். "கழட்ட நேரமில்ல. இருந்துட்டுப் போகட்டும்."

மத்தியானம் பாய்க்கு ஃபோன் போட்டேன். "நானா? நான் எங்கக்கா மாட்டினேன்? சார்தான் கோணிய மொத்தமா கொட்டி, உக்காந்து தேடினாரு" என்றார் பாய்.

எங்கள் வீட்டுக்காரரிடம் நான் இதைக் கேட்கவில்லை. அன்று காலை குமணன்சாவடி திருப்பத்திலும் அவர் முன்னால் போகவில்லை. அதைவிடவா எனக்கு உண்மை முக்கியம்?

ஏரிக்கரையில் இரண்டு சைக்கிளும் தனித்தனியாக நின்றன. "அங்கிள், இப்ப வெயிட் எவ்வளவு ஏறியிருக்கும்? தூக்கிப் பாருங்களேன்" என்று தினேஷ் கத்தினார்.

எங்கே தூக்குவது... அவர் கையில் காபி டம்ளர் இருந்தது!